பதினோராம் நாள் தண்ணீரும் ஐந்து சொற்களும்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. விளாத்திகுளம் பேருந்தில் முன் சீட்டுப் பெண் ஒரு நோட்டை விரித்து வைத்திருந்தார். அதில் ஐந்து இங்கிலீஷ் சொற்கள்: டிரிப், டிரிக்கிள், போர் (pour), ஸ்பில், லீக். எல்லாமே ஏதோ கீழே விழுகிற சமாச்சாரம். அர்த்தம் எழுதவேண்டிய இடம் காலி. எட்டிப் பார்த்த கழுத்து இன்னும் வலிக்கிறது. அவருக்கு ஜெயஷீலா என்று பெயர் வைத்து, கோவில்பட்டியில் நர்ஸ் வேலையும் எபநேசர் என்றொரு கணவரையும் நானே கொடுத்தேன்.

2

கரிசல் மண்ணில் அன்று மழை...

(அடித்துவிட்டேன். இங்கே மழையில் தொடங்கினால் இரண்டாம் வரிக்கு ஐப்பசி வரை காத்திருக்கவேண்டும். குழாயில் தொடங்குகிறேன். அதிலும் பதினோரு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர்.)

அயர்லாந்து மருத்துவமனை ஒன்று ஜெயஷீலாவைச் செல்போனில் நேர்காணல் செய்யப்போகிறது. தேறினால் அவள் போவாள். எபநேசரும் ஆறு வயது மகள் சுஜாவும் இங்கேயே. முந்தின நாள், முற்றத்துக் காய்ந்த குழாயைக் காட்டிக் கணவருக்குப் பாடம் ஒப்பித்தாள்.

“வாஷர் போயி சொட்டுச் சொட்டா விழுந்தா டிரிப். தண்ணி வர ஆரம்பிக்கையில நூலா இறங்குதுல்லா, அது டிரிக்கிள். கொட்டுனா போர். குடம் நிறைஞ்சது தெரியாம நீங்க வாய் பாத்துட்டு நின்னா ஸ்பில்.”

“லீக்கு?”

“யார்ட்டயும் சொல்லாதீயன்னு சொன்ன விசயம் உங்க அக்காவுக்கு எப்படிப் போச்சு? அது.”

எபநேசர் வெறுங்குடத்தைக் குழாயடியில் நகர்த்தி வைத்தார். “நீ தைரியமாப் பேசு, ஏட்டி. குடத்த நான் பாத்துக்கிடுதேன்.”*

* இந்த வாக்கியத்தில் எனக்கே நம்பிக்கையில்லை. இருக்கட்டும்.

3

நேர்காணலன்றே தண்ணீர் முறையும் வந்தது. திரையில் ஒரு படம்: காயக்கட்டின் ஓரமாக இரத்தம். எப்படி வருகிறது, ஒரே சொல்லில் சொல்லவேண்டும். சொல் தப்பினால் டாக்டர் தப்பான வேகத்தில் வருவார். ஜெயஷீலாவுக்கு ஐந்து சொற்களும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

அப்போது முற்றத்துக் குழாய் இருமியது. முதலில் காற்று. பிறகு, வெறுங்குடத்தின் அடியில் மெல்லிய நூல் சத்தம்.

“டிரிக்கிள்,” என்றாள்.

திரையில் கேள்வி கேட்ட அயர்லாந்து அம்மா சிரித்தபடி தலையாட்டினார். எப்போது வந்து சேர முடியும் என்று கேட்டார்.

வெளியே சத்தம் தடித்தது. குடம் கழுத்து வரை வந்துவிட்டதை அவள் காது சொன்னது. எபநேசரோ குடத்துக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

4

முடிவு ஒன்று: ஜெயஷீலா தேதி சொல்கிறாள்.

முடிவு இரண்டு: “ஏங்க, குடம்” என்று அவள் போட்ட சத்தத்தில் அயர்லாந்து திடுக்கிடுகிறது.

முடிவு மூன்று: எபநேசர் திரும்பி...

முடியவில்லை. எதை எழுதினாலும் அந்த ஜன்னல் முகம் குறுக்கே வருகிறது. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை. அதற்குள் யாராவது அந்தக் குடத்தை மட்டும் நகர்த்தி வையுங்கள். அடுத்த தண்ணீருக்குப் பதினோரு நாள் இருக்கிறது.