பகலில் திறந்த நாடகம்

மேற்கே வெள்ளியங்கிரியின் முகடுகள் முகில் போர்த்துக் கிடக்க, பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழைந்த இளங்காற்று நொய்யலின் வறண்ட மணலைத் தடவிக்கொண்டு கிழக்கு நோக்கி நடக்க, இரவுப் பணி முடித்த நூற்பாலைத் தொழிலாளர் பஞ்சுத்துகள் படிந்த தலையோடு தேநீர்க் கடைகளின் முன்னே நின்று கண்ணைக் கசக்க, காந்திபுரத்து நிலையங்களிலிருந்து நகரப் பேருந்துகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு உறுமிப் புறப்பட, கோவை மாநகர் சித்திரைத் திங்களின் ஒரு வியாழக்கிழமைக் காலையை எதிர்கொண்டது. நூல் நூற்பதும் இரும்பு வார்ப்பதும் நீரிறைக்கும் பொறி செய்வதும் இந்நகரத்தார்க்குக் கைவந்த கலை. அவற்றை அவர்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால், கற்றறிந்த அன்பரே, அவர்களை ஒரு நாடகத்துக்கு அழைத்து, அதன் முடிவுவரை இருக்கையிலே இருத்திப் பாருங்கள். அழைத்தவர் படும் பாடு அப்போது தெரியும்.

அந்தப் பாட்டை முற்றும் பட்டவள் லாஸ்யா. பீளமேட்டில் நூற்பாலை நடத்தும் தெலுங்குக் குடும்பமொன்றில் பிறந்து, ஆலைக் கணக்கைப் பார்க்கச் சொன்ன தந்தையின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல், சிங்காநல்லூரை அடுத்த பழைய பஞ்சுக் கிடங்கொன்றை அரங்காக மாற்றியிருந்தவர்களிடம் நாள் கேட்டு, நாடகம் எழுதி இயக்கும் பித்துப் பிடித்தவள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவள் இயக்கிய முதல் நாடகத்தில், தலைமை வேடம் ஏற்றவன் திறப்புக்குச் சில நாள் முன்னர் விலகிவிட, அவசரத்தில் வேறொருவனை நிறுத்தினாள். அவனோ மேடையேறியதும் வசனம் மறந்து மரம்போல் நின்றுவிட்டான். நகரத்து நாளிதழில் வார இறுதிதோறும் 'திறப்பவை, நிறைவுறுபவை, வேடம் மாறுபவை' என்ற மூன்று தலைப்புகளில் நாடகச் செய்தி எழுதிவரும் இல்மா, அடுத்த வாரம் ஒரே வரியில் அதை முடித்துவைத்தாள்: சனிக்கிழமை திறந்தது, அன்றே நிறைவுற்றது. இல்மா பொல்லாதவள் அல்லள், நடந்ததைத்தான் எழுதினாள். அந்த வரிதான் லாஸ்யாவின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக் கிடந்தது.

இப்போது அவளுடைய இரண்டாம் நாடகமாகிய 'கோட்டை நீங்கான்' வரும் சனிக்கிழமை மாலையில் திறக்கவிருந்தது. பகைவர் முற்றுகையிட்ட சிற்றூர்க் கோட்டையொன்றின் தலைவன், முற்றுகை நீங்கும்வரை ஓர் இரவும் மதிலுக்கு வெளியே தங்கேன் என்று தன் குடிகளுக்குச் சொல் கொடுத்து, பகைவன் நாட்டையே பரிசாகத் தந்து அழைத்தபோதும் அச்சொல்லை மீறாது நின்ற கதை அது. கோமான் என்று அழைக்கப்படும் அத்தலைவனாக நடிக்க அவள் தேர்ந்தவன் கதிர்வேல். காங்கேயத்தில் தேங்காயெண்ணெய் ஆட்டும் ஆலை வைத்திருப்பவன். உரத்துப் பேசாமலே அரங்கின் கடைசி வரிசைவரை கேட்கும் குரல் வாய்த்தவன். ஒத்திகைக்கென்றே ஆலையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுக் கோவையில் அறையெடுத்துத் தங்கியவன். இந்தமுறை எதுவும் தவறாது என்று லாஸ்யா நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையின் மேல் கல்லெறிந்தாற்போல் அன்று காலை அரங்கில் அவளுடைய கைப்பேசி ஒலித்தது.

"ஏனுங்க, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க," என்றான் கதிர்வேல். "அழைப்பிதழ மாரியாத்தா காலடியில வெச்சுக் கும்புட்டுப்போட்டு வரலாம்னு செவ்வாக்கெழமை ஊருக்கு வந்தனுங்க. அம்மா ஒரு வாய் உண்டுபோட்டுப் போன்னாங்க. நான் உண்டு கை களுவறதுக்குள்ள கம்பம் நட்டுப்போட்டாங்க."

பெருநகரத்து அன்பர்க்கு இது விளங்காதிருக்கலாம், ஆகவே சொல்லிவிடுகிறேன். கொங்கு நாட்டு ஊர்களில் மாரியம்மன் நோம்பி என்னும் திருவிழா தொடங்கும்போது, மூன்று கவை கொண்ட மரக்கிளையொன்றை மஞ்சள் பூசிக் கோவில் முன்னே நடுவார்கள். கம்பம் என்று பெயர் பெற்ற அது நடப்படும் வேளையில் ஊருக்குள் எவர் இருந்தாரோ, அவர் அதைப் பிடுங்கும் நாள்வரை வெளியூரில் இரவு தங்கலாகாது. காங்கேயத்தை அடுத்த, கதிர்வேலின் ஊராகிய புங்கன்வலசில் கட்டுப்பாடு இன்னும் சற்று இறுக்கம். அந்தியில் விளக்கு வைக்கும்போதே ஊரெல்லைக்குள் வந்துவிட வேண்டும். இதனாலேயே வெளியூரில் வேலையுள்ள பிள்ளைகள் கம்பம் நடும் நாளை விசாரித்து, அன்றைக்கு ஊர்ப்பக்கம் தலை காட்டாமல் நழுவிவிடுவார்கள். கதிர்வேலோ அது அடுத்த வாரம் என்று எண்ணி, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து மாட்டிக்கொண்டான்.

"ஆனா நான் வந்துபோடறனுங்க," என்று அவனே தொடர்ந்தான். "யாருக்குந் தெரியாம வந்து நடிச்சுப்போட்டு, விடியறதுக்குள்ள திரும்பிப்போடறேன். உங்க நாடகம் நிக்கக்கூடாதுங்க."

கடைசி வரிசைவரை கேட்கும் அந்தக் குரல் அப்போது கூச்சத்தில் தாழ்ந்து, காதருகே இருந்தும் சரியாகக் கேட்கவில்லை.

அரங்கில் உடனிருந்த சசிதர், பகைவனின் தூதனாக நடிப்பவன், இளைஞன், செய்தியை அறிந்ததும் தயங்கித் தயங்கி அருகே வந்தான். "அக்கா, கோமான் பேசறது பூராவும் எனக்குப் பாடமுங்க. வேணும்னா நான் பண்ணட்டுங்களா?" என்றான். அவன் கண்ணில் பளிச்சிட்ட ஆவலைக் குறை சொல்ல முடியாது; அந்த வயதில் எவருக்கும் வருவதுதான். ஆனால் லாஸ்யாவுக்கு முதல் நாடகத்தில் வசனம் மறந்து நின்றவனின் முகம் நினைவுக்கு வந்தது. மாலையில் நாடகம் வைத்தால் ஒன்று கதிர்வேல் ஊர்க் கட்டுப்பாட்டை மீற வேண்டும், அல்லது சசிதர் வேடமேற்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் திறப்பே இல்லை. அரங்கில் அவளுக்குக் கிடைத்த நாள்கள் சனியும் ஞாயிறும் மட்டுமே. அதற்கப்பால் மழைக்காலம்வரை வேறு குழுக்கள் முந்திக்கொண்டிருந்தன.

நண்பகலில் இல்மா அழைத்தாள். "சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சொல்லிருங்க லாஸ்யா. ஆள் மாறுதுன்னா அந்தப் பகுதியில போட்டுக்கறேன். நாடகமே இல்லைன்னா..." என்று நிறுத்தினாள். மிச்சத்தை அவள் சொல்லாததற்கு லாஸ்யா உள்ளுக்குள் நன்றி சொன்னாள்.

பிறகு அவள் மகிழுந்தை எடுத்துக்கொண்டு நேரே புங்கன்வலசுக்கு விரைந்தாள். பல்லடம் கடந்து, காற்றாலைகள் சோம்பிச் சுழலும் மேட்டுக்காடுகளும், கிளுவை வேலியிட்ட மேய்ச்சல் நிலங்களும், தேங்காய்ப் பருப்பைக் காயவைத்திருக்கும் வெண்ணிறக் களங்களும் இருபுறமும் பின்னோட, கதிர்வேலின் தாயாரிடம் எதைச் சொல்லி எப்படி இளக வைப்பது என்று வழியெல்லாம் சொற்களை அடுக்கிப் பார்த்துக்கொண்டே சென்றாள். தாய் தலையசைத்துவிட்டால் மகன் தெம்பாக வருவான் என்பது அவள் கணக்கு.

தாயார் சென்னியம்மாள் மஞ்சள் கலந்த நீர்க்குடத்தோடு கம்பத்தடியில் நின்றிருந்தார். லாஸ்யா வந்த காரியத்தை ஒளிக்காமல் சொன்னாள். பெரியவர் பதற்றமின்றிக் கேட்டுவிட்டு, குடத்து நீரைக் கம்பத்தில் சாய்த்து ஊற்றினார்.

"கூட்டிட்டுப் போறதுன்னா போங்க அம்மணி. நான் தடுக்கல," என்றார். "ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா. ஆனா இந்த ஊர்ல அத்தனை பேரும் இருக்கறாங்களே, அவிய மொகத்த நாளைக்கு அவன் பாக்கோணுமில்லீங்க கண்ணு."

லாஸ்யா வழியெல்லாம் அடுக்கிவந்த சொற்களை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் கதிர்வேல் தலை கவிழ்ந்திருந்தான். அவனைப் பார்த்தபோது, தானே எழுதிய கதை தன்னையே திரும்பிப் பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது. பகைவன் நாட்டைக் கொடுத்து அழைத்தான். இவள் நாடகத்தைக் கொடுத்து அழைக்கிறாள். இரவில் திருட்டுத்தனமாக எல்லை கடந்து வந்தவன், எல்லை கடக்கமாட்டேன் என்று மேடையில் எந்த வாயால் பேசுவான்? அவள் வெட்கப்பட்டாள். வெட்கத்தோடு வெட்கமாக, ஆறு மணி நெருங்குகிறது என்ற அச்சமும் அவளைப் பிடுங்கித் தின்றது.

அந்நேரம் காக்கி உடையோடு ஒருவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தார். அடுத்த வீட்டுத் திருமூர்த்தி. கோவைக்கும் காங்கேயத்துக்கும் பேருந்து ஓட்டுபவர். "என்னுங்க, இந்நேரத்துக்கே வந்துட்டீங்க? கடைசி வண்டி ஓட்டறவரு நீங்க," என்று கதிர்வேல் கேட்டான்.

"கம்பம் நட்டாச்சில்லப்பா. பகல் வண்டிக்கு மாத்தி வாங்கிக்கிட்டேன்," என்று சொல்லிவிட்டு அவர் தம் வீட்டுக்குள் நுழைந்தார்.

அவர் நுழைந்து கதவு சாத்தும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த லாஸ்யா சட்டென்று நிமிர்ந்தாள். வண்டியைப் பகலுக்கு மாற்றலாமென்றால் நாடகத்தை ஏன் மாற்றக்கூடாது? சனிக்கிழமை காலையில் இயலாது. வெள்ளி இரவோடு நிறைவுறும் வேறொரு நாடகத்தின் மேடைக்கட்டு அப்போதுதான் பிரிக்கப்படும். நண்பகலுக்குமேல் இரண்டு மணிக்குத் தொடங்கினால் நாலரைக்கு முடியும். விளக்கு வைப்பதற்குள் கதிர்வேல் ஊர் சேரலாம்.

"சித்திரை வெயில்ல, மத்தியான நேரத்துல யாருங்க வருவாங்க?" என்றான் கதிர்வேல்.

"வரவெக்கறது என்ர வேலைங்க. நடிக்கறது உங்க வேலை," என்றாள் லாஸ்யா. அங்கேயே கம்பத்தடியில் நின்றபடி இல்மாவை அழைத்து, திறப்பு சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு, வேடம் எதுவும் மாறவில்லை என்று அறிவித்தாள். மறுமுனையில் எழுதுகோல் தாளில் ஓடும் ஒலி கேட்டது. பிறகு, "எழுதிக்கறேன்," என்ற குரல் மட்டும் வந்தது.

அடுத்த நாள் முழுதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அரங்கின் மேலாளர், கல்நார்க் கூரையின் கீழே அந்நேரத்தில் மனிதர் வெந்துபோவார் என்று முறையிட்டார். அவள் கூரைமேல் தென்னங்கீற்றுப் பரப்பி நீர் தெளிக்க ஏற்பாடு செய்தாள். பகல் வெளிச்சம் புகுந்தால் கோட்டை இருளாதே என்றார். கிடங்கில் மிஞ்சிக் கிடந்த பஞ்சு மூட்டைச் சாக்குகளைத் தைத்துச் சாளரம்தோறும் தொங்கவிட்டாள். பணி மாறும் வேளைகளில் ஆலை வாயில்களில் நின்று, இரவெல்லாம் உழைத்து மாலை நாடகம் எதையும் பார்க்க வாய்க்காதவர்களை, உறங்கி எழுந்து குடும்பத்தோடு வாருங்கள் என்று நேரில் அழைத்தாள். சசிதரும் முகம் வாடாமல் அவளோடு ஒவ்வொரு வாயிலுக்கும் நடந்தான். தலைமை வேடம் கிடைக்காத வருத்தம் அவனுக்கு இல்லாமலில்லை, ஆனால் அதை அவன் தெருவில் காட்டவில்லை.

சனிக்கிழமை பகல் வந்தது. ஒன்றரை மணிக்கு அரங்கில் வெற்று இருக்கைகளே மிகுந்து தெரிந்தன. லாஸ்யா திரையின் இடுக்கால் பார்த்துப் பார்த்து உதட்டைக் கடித்தாள். ஆயினும் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு, யார் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நேரத்தில் தொடங்குவது என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். இரண்டு மணி அடித்து விளக்குகள் அணையும்போது, வெளியே வெயிலில் வந்தவர்கள் வாயிலில் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். தூக்கம் முழுதும் தெளியாத ஆலைத் தொழிலாளர், அவர்கள் கையைப் பற்றிய மனைவியர், பிள்ளைகளைத் தோளில் சுமந்த பெரியவர்கள். பின்வரிசையில் இல்மாவும் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்தாள்.

கதிர்வேல் அன்று நடித்ததை நான் எழுத்தில் காட்ட முயலவில்லை. தூதனாக வந்த சசிதர் நாடும் பொன்னும் தருவதாகச் சொல்லி வெளியே அழைத்தபோது, தலைவன் கோட்டை வாயிலின் பக்கம் திரும்பி, "என் மக்கள் உறங்கும் இடத்தில்தான் எனக்கும் உறக்கம்," என்று சொன்ன அந்த ஒரு வரிக்கு, விசிறிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. பலமுறை ஒத்திகையில் கேட்ட வரிதான். லாஸ்யா அன்றுதான் அழுதாள்.

இறுதிக் காட்சியில் தலைவன் அவையோர்க்கு முதுகு காட்டிக் கோட்டை வாயிலுள் நுழைந்து மறைய, திரை விழுந்தது. கைத்தட்டல் கூரையை அதிரவைத்தது. நடித்தவர்கள் வரிசையாக வந்து வணங்கினார்கள். தலைவனும் தூதனும் மட்டும் வரவில்லை. "கோமான் எங்கீங்க? அவரக் கூப்புடுங்க," என்று பல குரல்கள் எழுந்தன. அவனோ கோட்டை வாயிலுள் நுழைந்த கால் தரிக்காமல், அரங்கின் பின்கதவால் வெளியேறி, ஒப்பனையும் மீசையும் கலையாமலே, தன் காட்சி முடிந்து லாஸ்யாவின் மகிழுந்தோடு காத்திருந்த சசிதரின் அருகே ஏறி அமர்ந்து போய்விட்டிருந்தான்.

லாஸ்யா மேடைக்கு வந்து கைகூப்பினாள். "மன்னிக்கோணுங்க. அவரு ஊர்ல கம்பம் நட்டிருக்குதுங்க. வெளக்கு வெக்கறதுக்குள்ள போகோணும்னு பொறப்பட்டுட்டாருங்க," என்றாள்.

 நடுவரிசையிலிருந்து ஒரு முதியவர், "எந்த ஊர்க் கம்பமுங்க அம்மணி?" என்று கேட்டார். அவள் ஊரைச் சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு எழுந்து நின்றார். அவரைத் தொடர்ந்து அருகிலிருந்தோர் எழுந்தனர். வரிசை வரிசையாக அரங்கு முழுதும் எழுந்து, அங்கே இல்லாத ஒருவனுக்காக, ஆளற்ற அந்தக் கோட்டை வாயிலைப் பார்த்து நெடுநேரம் கைதட்டியது.

அந்தி மயங்கும் வேளையில் அவள் கைப்பேசி ஒலித்தது. பின்னணியில் பறையொலி கேட்டது. "வந்துபோட்டனுங்க," என்றான் கதிர்வேல். "அம்மா இப்பத்தானுங்க வெளக்குப் பத்த வெக்கறாங்க. மீசையப் பாத்துப்போட்டுச் சிரிக்கறாங்க. நாளைக்கும் ரண்டு மணிதானுங்களே?"

"ரண்டு மணிதானுங்க," என்றாள் லாஸ்யா.

சாக்குத் திரைகளைச் சுருட்டி ஒதுக்கியபோது சாளரங்களின் வழியே மாலைக் காற்று அரங்கினுள் வந்தது. அடுத்த வாரம் இல்மா தன் பகுதியில் என்ன எழுதுவாள் என்று லாஸ்யா அன்று நினைக்கவே இல்லை. அன்பரே, அரங்குகள் திறக்கும், மூடும்; வேடங்கள் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்கு மாறும். அந்தச் சனிக்கிழமை கோவையில் திறந்த நாடகத்தில் ஒருவன் ஏற்ற வேடம் மேடையோடு முடியாமல் அவனோடு ஊர்வரை போயிற்று. அவன் எல்லைக்குள் கால்வைத்த பிறகே புங்கன்வலசில் விளக்கு எரிந்தது.