இரண்டு தலையணைகள்

ஆபரேஷன் முடிந்து, மயக்கம் முழுதாகத் தெளிவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனை எடுத்ததுதான் அவள் செய்த தப்பு. அம்மாவிடம் நாலு மணிக்கு வரச் சொன்னாள். அப்பாவிடமும் நாலு மணி என்றே சொல்லி வைத்தாள். அவர்கள் விவாகரத்து வாங்கியபோது அவளுக்கு ஏழு வயது. அன்றிலிருந்து இருவரையும் ஒரே இடத்துக்கு அவள் வரவழைத்ததே இல்லை. பட்டமளிப்புக்கு அம்மாவைக் கூப்பிட்டுவிட்டு, அப்பாவிடம் அப்படி ஒரு விழாவே கிடையாது என்று அடித்துச் சொன்னவள். இப்போது ஒரு கம்பெனியில் புகார் சொல்ல அழைப்பவர்களிடம் பேசுகிற வேலை. யார் எரிந்து விழுந்தாலும் "நீங்க சொல்றது சரிதான் சார்" என்பாள். அவளுக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை என்று மேலாளர் மெச்சிக்கொள்வார்.

அப்பா முதலில் வந்தார். கக்கத்தில் ஒரு தலையணை. அவர் உட்காருவதற்குள் அம்மா உள்ளே நுழைந்தாள். அவள் கையிலும் ஒரு தலையணை. மகளுக்கு வயிற்றுத் தையல் சுரீரென்றது.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். பேச்செல்லாம் அவளிடம்தான்.

"நம்ம வீட்டுத் தலையணை இல்லேன்னா உனக்குத் தூக்கம் வராதேம்மா. அதான் எடுத்துட்டு வந்தேன்" என்றார் அப்பா.

அம்மா உதட்டைச் சுழித்தாள். "அங்க போனா பொட்டுத் தூக்கம் இல்லம்மான்னு வாரா வாரம் எங்கிட்ட சொல்லுவியேடி. இவர் என்ன இப்படிச் சொல்றாரு?"

"எங்கிட்ட அதையே உங்கம்மா வீட்டைப் பத்திச் சொல்லுவியேம்மா" என்றார் அப்பா, தலையணையைப் பார்த்தபடி.

முதல் தடவை அந்தப் பொய்யைச் சொன்னபோது வாடிக் கிடந்த அப்பாவின் முகம் எப்படி மலர்ந்தது என்று அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அம்மாவுக்கும் அதில் ஒரு பங்கு வேண்டாமா? அப்புறம் அதை நிறுத்தவே முடியவில்லை. பிள்ளை நம்மிடம்தான் நிம்மதியாகத் தூங்குகிறாள் என்ற ஒரு பெருமைதான் அவர்களிடம் மிஞ்சியிருந்தது. அதையும் இன்று அவள் பிடுங்கிவிட்டாள்.

"உண்மையச் சொல்லு. எங்கதான் நல்லாத் தூங்குவே?" என்றாள் அம்மா. கோபமில்லை. களைப்புதான்.

உண்மையில் அவள் தூங்கியது காரின் பின்சீட்டில். சின்ன வயதில் சனிக்கிழமைகளில் பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் அவளைக் கைமாற்றுவார்கள். அதுவரை அடித்துப் போட்டதுபோல் தூங்குவாள். வண்டி நின்றதும் விழிப்பு வந்துவிடும்; ஆனாலும் கண்ணைத் திறக்கமாட்டாள். அவள் தூங்கினால்தான் அவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள்.

இதையெல்லாம் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"தூங்கிட்டா" என்றாள் அம்மா.

"ம். மெதுவாப் பேசு."

அவர்கள் நேருக்கு நேர் பேசி எத்தனையோ வருடமாகிவிட்டது. நாற்காலி நகர்ந்தது. ஒரு கை அவள் தலையைப் பதமாகத் தூக்கியது. இன்னொரு கை அடியில் ஒரு தலையணையைச் செருகியது. வாசனையை வைத்தே எந்த வீட்டுத் தலையணை என்று அவளால் சொல்லிவிட முடியும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.