நாற்பது ஓம்ஸ்

மூன்று மணிக்கு நான்கு பேரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகவேண்டிய வேன், இரண்டு மணிக்கு எலெக்ட்ரீஷியனின் பட்டறையில் கிளம்ப மறுத்து நின்றது. டேஷ்போர்டில் மஞ்சளும் சிவப்புமாக ஒரே விளக்குக் களேபரம். ஓட்டுபவர் எலெக்ட்ரீஷியனுக்கு அக்கா புருஷன்; பட்டறை அவளுடையது.

“போன வாரம் அந்த பிரேக் கடைக்காரன் கைவச்சான்ல? அவன்தான் ஏதோ நோண்டிட்டான்.”

“கொஞ்சம் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க மாமா.” பேட்டரியைக் கழற்றிவிட்டு மீட்டரை எடுத்தாள். அவள் கையில், வண்டியிலுள்ள மின்னணுப் பெட்டிகளையெல்லாம் இணைக்கும், ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு ஒயர்கள்.

“இத்தனை பெட்டிக்கும் இந்த ரெண்டு ஒயர்தானா?”

அவளுக்கு அது போதும், முகம் மலர்ந்துவிட்டது. “ரெண்டே ரெண்டு! பிரேக் பெட்டி ‘வேகம் இவ்வளவு’னு பொதுவாச் சொல்லும். யாருக்கு வேணுமோ எடுத்துக்குவாங்க.”

“ரெண்டு பேர் சேர்ந்து பேசினா? நம்ம வீடு மாதிரி ஆயிடுமே.”

“அங்கதான் அழகே. ஒவ்வொரு சேதிக்கும் ஒரு எண். சின்ன எண்தான் அவசரம். பெரிய எண்காரன் சட்டுனு நிறுத்திக்குவான், அவசரக்காரன் சேதியில ஒரு எழுத்துகூடக் கெடாது. ஒருத்தன் தப்பாப் பேசினா, அந்தத் தப்பையும் தானே எண்ணிக்குவான். எல்லை மீறினா தானாவே ஒதுங்கிடுவான், மத்தவங்க வேலை கெடக் கூடாதுன்னு.”

“மனுஷன்ல இப்படி ஒருத்தனைக் காட்டு பார்ப்போம்” என்று சொல்லிக்கொண்டே அவர் பிரேக் கடைக்கு போன் போட்டார்.

ஒயரின் இரு முனைகளிலும் நூற்றிருபது ஓம்ஸ் மின்தடை ஒவ்வொன்று உண்டு. சேதி முனையில் மோதி எதிரொலிக்காமல் இருப்பதற்காக. இரண்டும் இணையாகச் சேர்ந்து பாதியாகி, மீட்டரில் அறுபது காட்டவேண்டும். நாற்பது காட்டியது, மூன்றில் ஒரு பங்கு. அப்படியென்றால் நடுவில் மூன்றாவதாக ஒரு தடை.

அவள் மீட்டரைக் கீழே வைத்தாள். சக்கர நாற்காலி லிஃப்டுக்கான பெட்டியைச் சனிக்கிழமை பொருத்தியது அவள்தான். அதற்குமுன் மேஜையில் தனியாக வைத்துச் சோதித்தபோது, ஒயர் முனைத் தடைகள் அங்கே இல்லாததால், பெட்டிக்குள் இருந்த தடையை இணைக்கும் சின்ன சுவிட்சைப் போட்டிருந்தாள். அணைத்ததாக ஞாபகமே இல்லை.

அந்தப் பெட்டி இருந்த இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் தடவினாள். சுவிட்ச் போட்டபடியே இருந்தது.

போனில் மணி போய்க்கொண்டிருந்தது. அவள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

“மாமா, அவரைத் திட்டாதீங்க. தப்பு என்னோடது.”

அதற்குள் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். மாமா அவளைப் பார்த்தார், போனைப் பார்த்தார். “ஒண்ணுமில்லப்பா... பிரேக் நல்லாப் பிடிக்குது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

சுவிட்சை அணைத்தாள். அறுபது. பேட்டரியை மாட்டி, ஸ்கேனரில் பழைய பிழைகளை அழித்தாள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் உறுமியது; விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பத்துப் பதினைந்து பெட்டிகள் இரண்டு ஒயரில் மறுபடி முறைவைத்துப் பேசத் தொடங்கியிருந்தன. எத்தனை முறை பார்த்தாலும் அவளுக்கு அது அலுக்காது.

மணி இரண்டு நாற்பது. அவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

“மேடம், இந்தத் தப்பையும் எண்ணிக்கிட்டீங்களா?”

“எண்ணியாச்சு, ஒண்ணு. கிளம்புங்க, அங்க நாலு பேர் காத்திருக்காங்க.”