யார் ஜாடை

எதிர் வீட்டுக் கதவு திறந்தால் என் வீட்டுக் கதவும் தானாகத் திறந்துகொள்ளும். காற்றுதான் காரணம் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். ஒருத்தரும் நம்புவதாக இல்லை.

எதிர் வீட்டுக்காரி கடைத்தெருவில் பாஸ்போர்ட் படம் எடுப்பவள். என்னைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் கட்டடத்துக்கே அவள் போட்டோக்கா. கணவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டட லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் படுத்துக்கிடக்கும் என்பது வேறு விஷயம். இரண்டு பெண்கள். பதின்மூன்று வயதுப் பெரியவள் அம்மாவை உரித்து வைத்தவள். ஒன்பது வயதுச் சின்னவள் அப்பாவின் அச்சு. படிக்கட்டில் நின்று இந்தத் தீர்ப்பை வழங்கியவர்களில் நானும் உண்டு. "இவ எந்த வீட்டுப் பொண்ணு? அம்மா ஜாடை துளிகூட இல்லையே!" என்று சின்னவளைச் சீண்டுவோம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவாள்.

ஒருநாள் கடையில் விளக்கைச் சரிபார்க்கத் தன்னையே படம் எடுத்துப் பார்த்தாள் போட்டோக்கா. கழுத்தில் ஒரு மேடு. நிழல் என்று நினைத்துக் கம்ப்யூட்டரிலேயே அழித்துவிட்டாள். தொழில் புத்தி. அடுத்த மாதப் படத்திலும் மேடு அங்கேயே இருந்தது.

தைராய்டில் புற்றுநோய்க் கட்டி. குரல் நரம்பையும் அது சுற்றிக்கொண்டிருந்ததால், ஆபரேஷனுக்குப் பிறகு காற்றுப் போல ஒரு குரல்தான் மிச்சம். கல்லீரல்வரை பரவியும்விட்டது. அது போதாதென்று டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இந்த மாதிரிக் கட்டிகளில் பெரும்பாலும் மரபணு கெடுவது கட்டிக்குள் மட்டும்தான், பிள்ளைகளுக்குப் போகாது. போட்டோக்காவுக்கோ பிறவியிலேயே வந்த கோளாறு, ரத்தத்திலும் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

முடிவு வர மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் போட்டோக்கா பெரியவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளாத குறைதான். பக்கத்திலேயே படுக்க வைத்தாள். தலை பின்னிவிட்டாள். சின்னவள் கிட்டே போனால், "நீ அப்பாகிட்ட போ."

"என்னம்மா இது, ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு?" என்று கேட்டேவிட்டேன்.

"அவளுக்கென்ன, அப்படியே அவங்க அப்பா. தப்பிச்சிடுவா. பாவம், பெரியவதான் என்னைக் கொண்டு பொறந்திருக்கா."

"டாக்டரா சொன்னாங்க?"

"டாக்டர் எதுக்கு? நீங்கதானே சொல்வீங்க, உரிச்சு வச்சிருக்குன்னு."

எழுந்து வந்து என் வீட்டுக் கதவை நானே சாத்திக்கொண்டேன். கட்டட வரலாற்றிலேயே முதல் தடவை.

முடிவு வந்த அன்று அவர்கள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது, போனேன். லிஃப்ட்காரர் மடியில் தாளோடு உட்கார்ந்திருந்தார். பெரியவளுக்கு இல்லை. சின்னவளுக்கு இருந்தது.

"மூஞ்சிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு டாக்டர் அன்னிக்கே சொன்னாங்க" என்றார், யாரிடம் என்றில்லாமல். போட்டோக்கா சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"எனக்கு என்னப்பா இருக்கு?" என்றாள் சின்னவள்.

"அம்மா ரத்தத்துல இருக்கிற ஒண்ணு உனக்கும் வந்திருக்கும்மா. அது கட்டியாகிறதுக்கு முன்னாடி கழுத்துல ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். அப்புறம் தினம் ஒரு மாத்திரை. அவ்வளவுதான்."

"அக்காவுக்கு?"

"அவளுக்கு இல்ல."

சின்னவள் என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தில் அப்படி ஒரு வெற்றியை நான் பார்த்ததில்லை.

"பாத்தீங்களா அத்தை? அக்காவுக்கு வரல, எனக்குத்தான் வந்திருக்கு. நான்தான் அம்மா மாதிரி!"

நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

போட்டோக்கா அவளைக் கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை. படுக்கையைத் தட்டிக் காட்டினாள். சின்னவள் போகவில்லை.

"அது அக்கா படுக்கிற எடம்" என்றாள்.

பெரியவள் எழுந்து தன் தலையணையை எடுத்துக்கொண்டாள். சின்னவள் மெதுவாகப் போய், அம்மாவின்மேல் படாமல், ஓரமாக ஒடுங்கிப் படுத்தாள். போட்டோக்கா அவள் கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோய், தொடாமல் இழுத்துக்கொண்டாள்.

"நான் எத்தனை நாள் இங்க படுக்கலாம்?"

லிஃப்ட்காரர் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பெரியவள்தான் சொன்னாள்.

"தினமும் நீயே படுத்துக்கோ. அம்மா இருக்கிற வரைக்கும்."