பத்துக்கு ஆறரை

அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா. இயந்திரத்தை இயக்கும் டெக்னீஷியன். அந்த இயந்திரம் போடும் சத்தத்தை வைத்து அவனுக்கு விழுந்த பெயர் டிக்டிக். நோயாளியின் மனைவி. அவளுடைய அண்ணன், அச்சகத்தில் ஃபோர்மேன். அப்புறம் நாற்காலியில் நோயாளி. அவன் அங்கே இருந்தானா என்பதில்தான் தகராறு. ஏழு மாதமாக அவனுக்கே அது உறுதியில்லை.

அவனும் அதே அச்சகத்தில்தான் இருந்தான். காகிதம் வெட்டுகிறவன், பதினாறு வருஷ அனுபவம். தாளைத் தட்டிச் சேர்த்து வெட்டினால் ஓரம் மயிரிழை பிசகாது. ஒருநாள் பிளேடு இறங்கும்போது அதன் அடியில் ஒரு கை கிடந்தது. எவன் இவ்வளவு அசட்டையாகக் கையை விட்டிருக்கிறான் என்று வேடிக்கை பார்த்தான். மச்சான் பாய்ந்து இழுத்த பிறகுதான் தெரிந்தது, அது இவன் தோளிலிருந்து தொங்கிய கை.

அதற்கப்புறம் எல்லாமே அப்படித்தான். கண்ணாடியில் தெரிந்தவன் பழக்கமில்லாத பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி இருந்தான். வாயிலிருந்து வரும் குரலைத் தன் குரல் என்று மரியாதைக்காக ஒப்புக்கொண்டான். ஒருநாள் கதவைத் திறந்துபோட்டுவிட்டு, செருப்புகூட இல்லாமல் மூன்று தெரு நடந்து போய்விட்டான். அன்றிலிருந்து மனைவி வேலைக்குக் கிளம்பும்போது வெளியே பூட்டிக்கொண்டு போனாள்.

மனம் தன்னைவிட்டே விலகி நிற்கிற நோய் என்றார் டாக்டரம்மா. மாத்திரைகள் எடுபடவில்லை. மண்டையைத் திறக்காமல், வெளியிலிருந்தே காந்தத்தால் மூளையைத் தட்டிப் பார்க்கலாம் என்றார். கேட்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

இன்று பத்தாவது தடவை. டிக்டிக் அவன் தலையில் ரப்பர் தொப்பியை மாட்டி, காதில் பஞ்சு அடைத்து, கைப்பிடி வைத்த காந்த வட்டைத் தலையின் வலப்பக்கம் வைத்தான். முதலில் அளவு பார்ப்பான். சரியான இடத்தில் சரியான பலத்தில் தட்டினால் இடது கட்டைவிரல் தானாகத் துள்ளும்.

துள்ளியது.

"ஆடுச்சு பாருங்கண்ணே."

"நான் ஆட்டல."

"நான்தான் ஆட்டுனேன்."

"ஏற்கெனவே இது யார் கைன்னு தெரியாமக் கெடக்குறேன். இப்ப நீ வேற பங்குக்கு வர்றியா?"

டிக்டிக் சிரித்தான். மனைவியும் சிரித்தாள். அவள் சிரிப்பதற்காகத்தான் அவன் அதைச் சொன்னான். சொன்னது தான்தானா என்று மட்டும் தெரியவில்லை.

அப்புறம் வட்டைக் காதுக்கு மேலே நகர்த்தி இருபது நிமிஷம் தட்டினான். யாரோ பக்கத்து அறையில் ஆணி அடிப்பது போல. முடிந்ததும் டாக்டரம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இந்தக் கை எவ்வளவு உங்களோடது? பூஜ்யம்னா யாரோடதோ. பத்துன்னா முழுசா உங்களோடது."

"ஆறரை."

மச்சான் தொடையில் தட்டினான். "அப்படிப் போடு மாப்ள! மேடம், வேலைக்குப் போகலாம்னு ஒரு லெட்டர் குடுத்துருங்க. திங்கக்கிழமை இவர் மெஷின்ல நிக்கலன்னா முதலாளி வேற ஆளப் போட்டுருவாரு. அதுக்கு மேல என்னால தாக்குப்பிடிக்க முடியாது."

டாக்டரம்மா கணினித் திரையை நோயாளியின் பக்கம் திருப்பினார். முதல் நாள் ரெண்டு, அடுத்த நாள் ரெண்டரை, அப்புறம் மூணு. இன்று வரை பத்துப் புள்ளிகள், ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு மாதிரி.

"உடம்பு இப்படிக் குணமாகாதுங்க. ஒருநாள் ஏறும், ஒருநாள் சறுக்கும். நீங்க தாள் வெட்டுற மாதிரி வெட்டியிருக்கீங்க."

அவன் மனைவியைப் பார்க்காமல் இருக்க டிக்டிக்கின் செருப்பைப் பார்த்தான்.

"முதல்நாள் ரெண்டுன்னு வாய்க்கு வந்ததச் சொன்னேன். மறுநாள் அரை கூட்டுனேன். இவ மூஞ்சி தெளிஞ்சுது. அப்புறம் நிறுத்த முடியல."

"ஏன்யா!" என்றான் மச்சான்.

அப்போதுதான் நாற்காலியில் இருந்தவனின் காது இரண்டும் சுட்டன. அவமானம். பக்கத்து வீட்டுக்காரனின் அவமானம் இல்லை, ரொம்பக் கிட்டத்தில் சுட்டது. இதுதான் குணமா? இல்லை, பிடிபட்டவன் எப்படி நிற்பானோ அப்படித் தன் உடம்பு நடித்துக் காட்டுகிறதா?

"சரி. இப்ப எவ்வளவு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

கையை உயர்த்திப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். பிளேடும் மச்சானின் கத்தலும் நினைவுக்கு வந்தன.

"தெரியலங்க."

டாக்டரம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார். கடிதம் தரவில்லை. நாளைக்கும் வாருங்கள், இன்னும் இருபது தடவை பாக்கி இருக்கிறது என்றார். மச்சான் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். "வேற ஆளப் பாத்துக்குங்க முதலாளி" என்பது கதவு வழியாக நன்றாகவே கேட்டது.

பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுப் படி ஏறும்போது மனைவி கேட்டாள்.

"முந்தாநேத்து ரோடு தாண்டும்போது என் கையப் பிடிச்சீங்களே. அது யாரு?"

அவன் யோசித்தான். பிடித்தது நினைவிருக்கிறது. அவள் கை ஈரமாக இருந்தது. பிடித்தது யார் என்ற இடத்தில் மட்டும் வெள்ளைத்தாள்.

"தெரியல."

"அதையும் எனக்காகத்தான் செஞ்சீங்களா?"

"அதான் தெரியலன்றேன்ல."

"ஆறரைன்னே சாதிச்சுத் தொலைச்சிருக்கலாம்ல?"

"திங்கக்கிழமை கை போயிருந்தா?"

அவள் கதவைத் திறந்தாள். கணக்கு நாலைத் தாண்டிய அன்று கழற்றிய பூட்டு, உள்ளே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒருமுறை அதைப் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கு மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட். பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது.

"தட்டுல சோறு மூடி வச்சிருக்கேன். அடுப்பப் பத்த வைக்காதீங்க."

அவன் ஆணியிலிருந்து பூட்டை எடுத்தான். அல்லது இடது கை எடுத்தது. சில்லென்றிருந்தது. அவள் கையில் வைத்தான்.

"பூட்டிட்டுப் போ."

"நீங்க சொல்றீங்களா?"

"யாரு சொன்னா என்ன, பூட்டு."

அவள் அவன் முகத்தில் எதையோ கொஞ்ச நேரம் தேடினாள். அவன் திரும்பி உள்ளே நடந்தான். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது. சரியாக விழுந்ததா என்று அவள் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.