முதல் தண்ணீர்

நியூசிலாந்தின் பக்குரங்காவுக்கு மணப்பெண்ணாக வந்து ஒரு குளிர்காலம் போய் அடுத்ததும் வந்துவிட்டது. வசந்தமலரின் சமையலைப் பற்றி அவள் கணவன் தவராசா இன்னும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஈஸ்ட் டாமாக்கியில் பெட்டி செய்யும் தொழிற்சாலையிலிருந்து வருவான், குளிப்பான், போட்டதைச் சாப்பிடுவான், தட்டைக் கழுவி வைப்பான். குறை சொல்லியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு பிறந்தநாள் வீட்டில் அவனுடைய பழைய கூட்டாளி குணரத்தினம் பகிடி விட்டார்.

"தங்கச்சி, உம்மட மனுசன் முந்தி பண்டி எலும்புச் சூப் இல்லாட்டிச் சாப்பாட்டில கையே வைக்கமாட்டான். இப்ப பாரும், சைவப்பழமாப் போனான்."

அது அவள் மனதில் தங்கிவிட்டது. மீனைக்கூடத் தொட்டறியாதவள், அடுத்த சனிக்கிழமை இறைச்சிக் கடையில் விரலால் சுட்டிக் காட்டிப் பன்றி எலும்பு வாங்கினாள். குசினியிலிருந்த பிள்ளையார் படத்தைப் படுக்கையறைக்கு மாற்றினாள். எலும்போடு மஞ்சள், மிளகு, சீரகம் எல்லாம் போட்டு அடுப்பை உச்சத்தில் வைத்தாள். சாம்பல் நிற நுரை பொங்கி எழுந்தது. நாற்றத்துக்குப் புறங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ஓவர்டைம் முடிந்து வந்த தவராசா வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்ன வைக்கிறீர்?"

"உங்களுக்குப் பிடிக்குமெண்டு குணரத்தினம் அண்ணை சொன்னவர்."

அவள் சமைக்கும்போது அவன் அடுப்படிக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை. மூடியைத் தூக்கிப் பார்த்தான்.

"முதல் தண்ணியைக் கொட்டோணும் வசந்தா. ஊத்தையெல்லாம் அதிலதான் நிக்கும்."

பானையைக் கவிழ்த்தான். எலும்பை ஒவ்வொன்றாகக் குழாயின் கீழ் பிடித்து, மூட்டில் உறைந்திருந்த இரத்தத்தைப் பெருவிரலால் வழித்தான். புதுத் தண்ணீர், நசுக்கிய இஞ்சி, வெங்காயத் தாள். மஞ்சள் கூடாதாம்.

"கொதிக்கவும் விடக்கூடாது. ஒண்டு ரெண்டு குமிழி வந்தாக் காணும். கொதிச்சாக் கலங்கிப் போயிடும்."

இவ்வளவு வார்த்தைகளை அவன் சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதில்லை. யன்னலில் ஆவி படிந்து வெளியுலகம் மறைந்துபோயிருந்தது. அவன் தோளோடு ஒட்டி நின்றாள். தான் இத்தனை நாளும் காத்திருந்தது இதற்குத்தான் என்று நினைத்தாள்.

"ஆர் உங்களுக்குப் பழக்கினது?"

"முந்தி இருந்த வீட்டில."

"வீட்டில ஆர்?"

அவன் நுரையை எடுத்துக்கொண்டிருந்தான். "கூட இருந்தவை."

தேநீர் நிறத்தில் தெளிந்து வந்த சாற்றை நூடில்ஸில் ஊற்றிச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவளும் ஒரு கிண்ணம் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். தவராசா ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தான். இன்னொரு வாய் குடித்தான்.

"கிட்டத்தட்ட வந்திட்டுது," என்றான். "அவ வெள்ளை மிளகு போடுவா."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டது. கரண்டி பாதியில் நின்றது. கிண்ணத்தைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

யார், எப்போது, ஏன் பிரிந்தார்கள் என்று கேட்கலாம். அவன் சொல்லியும்விடுவான். சொன்னால் அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் வந்துவிடும். பெயரோடு அவள் இந்த வீட்டிலேயே இருந்துவிடுவாள்.

"எவ்வளவு போடுவா?" என்று கேட்டாள் வசந்தமலர்.

கேட்டாலும் அவன் பதில் சொல்லாமல் இருந்துவிடுவான், அந்த அளவுக்காவது தன் மனம் அவனுக்குத் தெரியும் என்று எதிர்பார்த்தாள்.

"அரைக் கரண்டி," என்றான் தவராசா. "கடைசியா, அடுப்பை நிப்பாட்டினாப் பிறகு."