மின்ஸ்க் அண்ணை

தவமணி அந்தச் சனிக்கிழமை வேலையால் வந்ததும், குளிர்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே செய்தியைச் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, நாளைக்கு மத்தியானம் வேரோனிக்காவையும் அவவின்ரை மனுசனையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறன்."

"ஆர் வேரோனிக்கா?" என்று கேட்டான் ஸ்ரீதரன்.

"என்னோடை மஃபின் பக்ரறியிலை நிக்கிற வெள்ளைக்காரப் பொம்பிளை. ரஷ்யாக்காரி எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தன். இண்டைக்குத்தான் சொல்லுறா, சொந்த இடம் மின்ஸ்க்காம். மனுசன் வந்து மூண்டு மாசம்தானாம். பந்தெண்டால் விசராம். எண்பத்திரண்டாம் ஆண்டு மின்ஸ்க்கிலை நடந்த ஒரு மச்சும் விடாமல் பாத்தவராம். நான் விடுவனே? என்ரை மனுசன் அந்த ரீமிலை விளையாடினவர் எண்டு சொல்லிப்போட்டன்."

ஸ்ரீதரன் தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தான்.

"நீர் ஏன் உதையெல்லாம் போய்ச் சொல்லுறீர்?"

"ஏன், பொய்யே?" என்று சிரித்துக்கொண்டே அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

ரொறொன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில், அடுக்குமாடிக் கட்டடமொன்றின் பதினான்காம் மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். அந்தக் கட்டடத்திலும் பக்கத்துக் கட்டடங்களிலும் உள்ள தமிழர்களுக்கு ஸ்ரீதரன் என்றால் யாரென்று உடனே தெரியாது. 'மின்ஸ்க் அண்ணை' என்றால் தெரியும். கோடையில் நடக்கும் ஊர்ச் சங்கத்து உதைபந்தாட்டப் போட்டிகளில் கிண்ணம் கொடுக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். சோவியத் நாட்டின் மின்ஸ்க் நகரில் படித்த பொறியியல் பட்டத்துக்கு ரொறொன்ரோவில் எந்த மதிப்பும் இருக்கவில்லை. இரும்புத் துண்டு வெட்டும் தொழிற்சாலையில் அவன் எல்லோரையும்போல ஒரு மெஷின்காரன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில், புல்வெளியின் ஓரத்தில், அவன் சோவியத் உச்ச லீக்கில் வாகை சூடிய டினமோ மின்ஸ்க் அணியின் வலது புற ஆட்டக்காரன்.

வரவேற்பறையில், தொலைக்காட்சிக்கு மேலே, நீலச் சட்டையோடு நிற்கும் அவனது படம் தொங்கியது. அன்றிரவு அதைப் பார்க்காமலே படுத்துக்கொண்டான்.

உண்மையில் மின்ஸ்க் மைதானத்தில் அவன் செய்த வேலை பனி தள்ளுவது. ஆட்டப் பருவத் தொடக்கத்தில் பார்வையாளர் உட்காரும் வாங்குகள் பனியால் மூடிக் கிடக்கும். விடுதி மாணவர்களைக் கூப்பிட்டு மரத்தட்டுகளால் தள்ளச் சொல்லுவார்கள். கூலி, அன்றைய ஆட்டத்தை இலவசமாகப் பார்க்கலாம். அதையே ஊரில் காத்திருந்த தவமணிக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் அவளுடைய அப்பாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அவர் பெயர் இரத்தினவேலர். சுற்றுவட்டாரத்துப் போட்டிகளுக்கெல்லாம் நடுவர். 'விசில் இரத்தினவேலர் ஊதினால் ஊதினதுதான்' என்பது ஊர்ப் பேச்சு. எவ்வளவு கூச்சலிட்டாலும் ஒருநாளும் தன் முடிவை மாற்றியதில்லை. ஸ்ரீதரன் பாடசாலை அணியில் ஆடிய ஒரே ஆட்டத்தின் முடிவில் அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "உன்ரை காலிலை பந்து நிக்காது தம்பி. வீண் மினைக்கேடு." ஆடுகளத்துக்கு வெளியே தவமணி நின்றிருந்தாள். அவள் காதில் அது விழுந்ததா என்று அவன் இன்றுவரை கேட்டதில்லை.

அவன் எழுதும் கடிதங்களை அவர்தான் முதலில் பிரித்து வாசிப்பார் என்று தவமணி எழுதியிருந்தாள். பனி தள்ளியதை எழுதிய கடிதத்தைக் கிழித்துப்போட்டு, பயிற்சிக்கு எடுத்திருக்கிறார்கள் என்று எழுதினான். அடுத்த கிழமை இரண்டாம் அணி. வைகாசியில் முதல் அணிக்காகக் கடைசி இருபது நிமிட ஆட்டம். விளையாட்டுப் பத்திரிகையில் வரும் ஆட்ட விபரத்தை வரி வரியாகத் தமிழில் எழுதி, வலது புற ஆட்டக்காரனின் பெயர் வருமிடத்தில் 'நான்' என்று போடுவது அவனுக்குப் பழகிவிட்டது. இரவல் சட்டையில் படமும் எடுத்து அனுப்பினான். அந்த ஆண்டு டினமோ முதலிடம் வரும் என்று அவன் கண்டானா? வந்துவிட்டது. தவமணியைப் பெண் கேட்டுக் கொழும்பிலிருந்து வந்த வங்கி மாப்பிள்ளையை இரத்தினவேலர் இவனுக்காக வேண்டாமென்று சொல்லியனுப்பினார்.

கலியாணமான பிறகு சொல்லலாம் என்று நினைத்தான். இரத்தினவேலர் எண்பத்தேழில் காலமானார். அதன் பிறகு சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் மணக்க, விருந்தாளிகள் வந்தார்கள். மகள் பிரதீபா சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போயிருந்தது ஸ்ரீதரனுக்கு ஒரு சின்ன ஆறுதல். வேரோனிக்கா ஊறவைத்த வெள்ளரிக்காய்ப் போத்தலோடு நேரே குசினிக்குள் நுழைந்தாள். இரண்டு பெண்களும் உடைந்த ஆங்கிலத்தில், தொழிற்சாலைச் சத்தத்துக்கு மேலாகக் கத்திப் பழகிய குரலில், உரக்கக் கதைத்துக்கொண்டார்கள். அவளுடைய கணவன் கெனாதிக்கு ரஷ்ய மொழியைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆள் பெரிய உடம்பு, ஒரு பல் தங்கம். வந்தவன் உட்காராமல் சுவரிலிருந்த படத்துக்கு முன்னால் போய் நின்றான்.

நெடுநேரம் நின்றான்.

"எங்கள் அணியில் வெளிநாட்டுக்காரர் யாரும் இருந்ததில்லை" என்றான் ரஷ்ய மொழியில், திரும்பாமலே. "இரண்டாம் அணியின் பட்டியல்வரை எனக்கு மனப்பாடம்."

பன்னிரண்டு ஆண்டுகளில் யாரும் சொல்லாத வார்த்தை. ஸ்ரீதரனின் காதுமடல்கள் சுட்டன.

கெனாதி குசினிப் பக்கம் பார்த்தான். தவமணியின் சிரிப்பு கேட்டது.

"பயப்படாதே" என்றான் மெதுவாக. "இது உன் வீடு. என் மனைவிக்குப் பந்தைப் பற்றி எதுவும் தெரியாது. உன் மனைவிக்கு ரஷ்ய மொழி தெரியாது. நான் என்ன சொன்னேன் என்று நீ விரும்பியதைச் சொல்லிக்கொள்."

அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் ஸ்ரீதரனை மேலும் குறுக வைத்தது.

தவமணி கறிச் சட்டியோடு வந்தாள். "என்ன சொல்லுறார்? உங்களை ஞாபகமிருக்காமோ?"

"ஓம்" என்றான் ஸ்ரீதரன். "கண்ட ஞாபகமாம்."

தவமணி கெனாதியைப் பார்த்தாள். கெனாதி தங்கப் பல் தெரியத் தலையாட்டினான். அவளுடைய கண்கள் கலங்கிவிட்டன.

"அப்பா இருந்திருக்கவேணும்" என்றாள். "நில்லுங்கோ, வாறன்."

விருந்தாளிகள் இருவரும் மேசையில் உட்கார, அவள் படுக்கையறைக்குள் போய் ஒரு பிஸ்கட் ரின்னோடு திரும்பினாள். மின்ஸ்க் கடிதங்கள். இடம்பெயர்ந்தபோது பிறப்புச் சான்றிதழ்களோடு சேலைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தவை. அந்த ரின்னை ஸ்ரீதரன் ஒருநாளும் திறந்ததில்லை. திறக்கப் பயம்.

"சாப்பிட முதல் ஒண்டு வாசியுங்கோ. வாசிச்சு இவைக்கு ரஷ்யனிலை சொல்லுங்கோ. இது அப்பாவுக்கு நல்ல விருப்பமான கடிதம். வாசிகசாலைக் கரும்பலகையிலை ஒவ்வொரு கிழமையும் ஸ்கோர் எழுதுவார், தெரியுமோ? எங்கடை பொடியன் எண்டு கீழை எழுதி, வடிவாக் கோடும் போடுவார்."

தெரியாது. அவனுக்கு அது தெரியாது.

கடிதத்தை விரித்தான். தன் கையெழுத்து, இப்போதையதைவிடச் சரிந்து, அவசரமாக. 'கடைசி இருபது நிமிடத்துக்கு என்னை இறக்கினார்கள். வலது கரையால் பந்தைக் கொண்டு ஓடும்போது உம்மை நினைத்தேன்...' பக்கத்தின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள். நடுவர்கள் அறிக்கை எழுதும் நிமிர்ந்த எழுத்து.

'நான் அன்று சொன்னது பிழை. இர.'

ஒருநாளும் முடிவை மாற்றாத மனிதர் ஒரேயொரு முறை மாற்றியிருக்கிறார். அதுவும் இந்தப் பொய்யை நம்பி.

"சொல்லுங்கோவன்" என்றாள் தவமணி.

ஸ்ரீதரன் நிமிர்ந்தான். ரஷ்ய மொழியில் பேசத் தொடங்கினான். குரல் தொழிற்சாலையில் கணக்கு ஒப்புவிப்பதுபோல இருந்தது. "இது நான் என் மனைவிக்குத் திருமணத்துக்கு முன் எழுதிய கடிதம். இதில் உள்ள ஆட்டம் பத்திரிகையில் பார்த்து எழுதியது. நான் அந்த மைதானத்தில் பனி தள்ளியவன். இவளும் இவளுடைய தகப்பனும் என்னை நம்பினார்கள்."

வேரோனிக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கெனாதி தன் தட்டைப் பார்த்தான்.

தவமணியின் சிரிப்பு அரைவாசியில் நின்றது. "என்ன? ஏன் ஒருத்தரும் ஒண்டும் பேசேல்லை? நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

இப்போதும் ஒரு வழி இருந்தது. ஆட்டத்தில் தோற்றோம் என்று சொல்லலாம், காலில் அடிபட்டது என்று சொல்லலாம், அவள் நம்புவாள். அவள் நம்புவாள் என்பதே அவனால் தாங்கமுடியாததாக இருந்தது.

"தவம், நான் அந்த ரீமிலை விளையாடேல்லை" என்றான். "ஒருநாளும் இல்லை. வாங்குகளிலை பனி தள்ளினனான். மற்றதெல்லாம் பேப்பரிலை பாத்து எழுதினது. அந்தச் சட்டையும் இரவல்."

தவமணி அவனைப் பார்த்தாள். பிறகு கடிதத்தை அவன் கையிலிருந்து வாங்கி, மடிப்புக் குலையாமல் மடித்து ரின்னுக்குள் வைத்து மூடினாள். கரண்டியை எடுத்துக் கெனாதியின் தட்டில் புட்டு வைத்தாள்.

"ஈற், ஈற்" என்றாள் அவனிடம். "கோல்ட் ஆகப் போகுது."

அந்தச் சாப்பாடு முடியும்வரை அவள் விருந்தாளிகளுக்கு எதுவும் குறையவிடவில்லை. ஸ்ரீதரனுக்கும் குறையவிடவில்லை. இறைச்சியில் அவனுக்குப் பிடித்த எலும்புத் துண்டைத் தேடி வைத்தாள். அவன் அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான். போகும்போது கெனாதி அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு லிப்ற்றுக்குள் ஏறினான். வேரோனிக்கா தவமணியைக் கட்டிக்கொண்டாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்தவன் மேசைப் பக்கம் நின்றான். தவமணி தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் அப்ப பனியே கண்டதில்லை" என்றாள், திரும்பாமல். "பனி தள்ளினதை எழுதியிருந்தால் நான் பத்துத் தரம் வாசிச்சிருப்பன். எப்பிடி இருக்கும், கை விறைக்குமோ, என்ன சத்தம் கேக்கும் எண்டெல்லாம் திருப்பிக் கேட்டு எழுதியிருப்பன்."

"உம்மடை அப்பா..."

"அப்பா உங்களைப் பேசினது எனக்குக் கேட்டது. நான் அங்கைதானே நிண்டனான். அதுக்குப் பிறகுதான் உங்களிலை எனக்கு விருப்பமே வந்தது. தலையைக் குனிஞ்சுகொண்டு போய் மற்றப் பொடியளின்ரை சப்பாத்தெல்லாம் பொறுக்கிக் குடுத்தனீங்கள்." குழாயை மூடினாள். "எனக்குப் பொய் சொன்னது ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்த மனுசன் ஊர்ச்சனத்துக்கு முன்னாலை கரும்பலகையைத் துடைச்சுத் துடைச்சு எழுதினது. அவரிட்டை நீங்கள் என்னெண்டு மன்னிப்புக் கேக்கப்போறியள்?"

அவன் சுவரிலிருந்த படத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தான். அதற்காவது ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தான்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பிரதீபாவின் பென்சில் பெட்டியைத் திறந்து, ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து ரின்னுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எல்லாத்தையும் வாசியுங்கோ. பொய்யுக்குக் கீழை கோடு போடுங்கோ. மிச்சம் என்ன இருக்கெண்டு எனக்குப் பாக்கவேணும்."

அவன் உட்கார்ந்தான். ஒவ்வொரு வரியாகக் கோடு இழுத்தான். சில பக்கங்களில் மேலிருந்து கீழ்வரை கோடுதான். ஓரங்களில் இரத்தினவேலர் எழுதிய ஸ்கோர்கள் மட்டும் உண்மையாக இருந்தன. 'உம்மை நினைத்தேன்' என்று வந்த இடத்தில் பென்சில் நின்றது. அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனது.

ஏழாவது கடிதத்தில் பென்சில் முனை மழுங்கிவிட்டது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்க்கும் முகம் அவனிடம் இல்லை. தவமணி எழும்பி வந்து, கோடு விழாத அந்த இரண்டு சொற்களைப் பார்த்தாள். பிறகு பென்சில் சீவியை எடுத்து அவனுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.